துணி மூட்டை சுமந்த பெண் திறந்த வங்கி

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-இல். விடுதலையான கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. கூலி மட்டும்தான் கிடைத்தது. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்ததைப் போட்டு வைக்க அதே ஆண்டில் ஒரு வங்கி தொடங்கினார்கள். ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி என்று பெயர். பணம் போட்டவர்கள் கறுப்பின மக்கள். நிர்வாகம் வெள்ளையர் கையில். சமையல்காரரும் சுமைகூலியும் போட்ட காசு, வெள்ளைத் தொழிலதிபர்களுக்குக் கடனாகப் போனது. எல்லாம் கைமீறிய பிறகு, கறுப்பின மக்களின் பெருந்தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸைக் கூப்பிட்டுத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பானை காலியான பிறகு கரண்டியை அவர் கையில் கொடுத்த கதைதான். சில மாதங்களில், 1874-இல், வங்கி மூடப்பட்டது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. பலருக்கு ஒரு காசும் திரும்பவில்லை.

இப்படி ஏமாந்த மக்களிடம் போய், உங்கள் காசை மறுபடியும் ஒரு வங்கியில் போடுங்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கேட்டவர் ஒரு பெண். மேகி லீனா வாக்கர்.

வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்தில் பிறந்தவர் மேகி. பிறந்த ஆண்டு 1864 என்று சொல்லப்படுகிறது. தாய் எலிசபெத் அடிமையாக இருந்தவர். ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலை செய்தார். வளர்ப்புத் தந்தை வில்லியம் மிட்செல் ஓட்டலில் பரிமாறுபவர். 1876-இல் அவர் உடல் ஆற்றில் மிதந்தது. தற்கொலை என்று எழுதி அதிகாரிகள் கோப்பை மூடினார்கள். கொலை என்றுதான் குடும்பம் கடைசிவரை நம்பியது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இப்படி மூடப்படும் கோப்புகளைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு தாய் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வாங்கி வந்து வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அழுக்கு மூட்டையை எடுத்து வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சிறுமி மேகியின் வேலை. படிப்பையும் விடவில்லை. 1883-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேறியபோது ஒரு சிக்கல் வந்தது. வெள்ளை மாணவர்களுக்கு நகர அரங்கத்தில் பட்டமளிப்பு விழா. கறுப்பின மாணவர்களுக்குத் தேவாலயத்தில். எங்கள் பெற்றோரும் வரி கட்டுகிறார்கள், எங்களுக்கும் அரங்கம் வேண்டும் என்று மேகியின் வகுப்பினர் மறுத்து நின்றார்கள். அரங்கம் கிடைக்கவில்லை. அவர்கள் தேவாலயத்துக்கும் போகவில்லை. தங்கள் பள்ளியிலேயே பட்டம் வாங்கினார்கள்.

மூன்று ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1886-இல் ஆர்ம்ஸ்டெட் வாக்கர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டதும் வேலை போனது. திருமணமான பெண் ஆசிரியராக நீடிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. அந்த விதி அவரை முழுநேரமாகச் சங்கத்தின் பக்கம் தள்ளியது.

அது புனித லூக்கா சங்கம். 1867-இல் பால்டிமோர் நகரில் மேரி ப்ரவுட் என்ற கறுப்பினப் பெண் தொடங்கியது. உறுப்பினர்கள் சிறு சந்தா கட்டுவார்கள். நோயில் படுத்தால் உதவித்தொகை, செத்தால் அடக்கச் செலவு. வெள்ளையர் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களை ஒதுக்கிவந்த காலத்தில் ஏழைக்கு இதுதான் பாதுகாப்பு. 14 வயதில் இதில் சேர்ந்த மேகி, 1899-இல் தலைமைச் செயலாளர் ஆனார். அப்போது சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடனோ சுமார் 400 டாலர். முன்பிருந்தவர் வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சம்மதித்து அவர் வேலையை ஏற்றார்.

சாவுச் செலவுக்காகச் சேரும் காசை வாழ்வதற்கும் பயன்படுத்த முடியாதா என்று அவர் யோசித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். 1901 மாநாட்டில் மூன்று திட்டங்களை வைத்தார்: ஒரு செய்தித்தாள், ஒரு வங்கி, ஒரு கடை. செய்தித்தாள் அடுத்த ஆண்டே வந்தது. வங்கிக்கு முன்பு, தொழிலைக் கற்றுக்கொள்ள ஒரு வெள்ளையர் வங்கிக்குச் சில மாதங்கள் தினமும் போய் உட்கார்ந்து கணக்கு வழக்குகளைப் பார்த்தார். சங்கம் நடத்தும் நம் தோழர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேடையில் பேசத் தெரிந்த அளவுக்குப் பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லை.

1903 நவம்பர் 2-ஆம் தேதி புனித லூக்கா பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. பென்னி என்றால் ஒரு சென்ட், டாலரில் நூற்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் வங்கி நிறுவ உரிமம் பெற்று அதன் தலைவராகவும் இருந்த முதல் கறுப்பினப் பெண் மேகிதான். முதல் நாளில் 9 ஆயிரம் டாலருக்கு மேல் வரவு. 31 சென்ட் மட்டும் போட்டுக் கணக்குத் தொடங்கியவரும் உண்டு. அவருக்கும் பாஸ்புக் கிடைத்தது.

பணம் போட்டவர்களில் துணி வெளுக்கும் பெண்களும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் ஏராளம். பிள்ளைகளுக்குச் சிறிய உண்டியல் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார் மேகி. ஷூ பாலிஷ் போடும் ஒற்றைக்கால் பையன் ஒருவன் இப்படிச் சில்லறை சேர்த்து, பின்னாளில் தன் தாய்க்கு வீடு வாங்கிக் கொடுத்ததை அவரே பெருமையாகச் சொல்லி வந்தார்.

காசு வீடானது எப்படி? நூறு பேரின் சில்லறை ஒரே இடத்தில் சேர்ந்தால் அது ஒருவருக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் அளவு தொகை. அவர் மாதாமாதம் திருப்பிக் கட்டக் கட்ட அடுத்தவருக்குக் கடன் போகும். வட்டி சேமித்தவர்களுக்கே வரும். வெள்ளையர் வங்கிப் படியில் ஏற முடியாதவருக்கு இங்கே மனுவைப் பரிசீலிப்பவர் தன் தெருக்காரர். 1920 வாக்கில் 645 கறுப்பினக் குடும்பங்கள் இந்த வங்கியின் உதவியால் வீடு வாங்கிக் கடனையும் முழுவதும் அடைத்திருந்தன. கடனை அடைத்தவர்களின் கணக்கு இது. வாடகைக்காரர் என்ற பெயர் போய், பட்டா கைக்கு வந்தது என்று நம் ஊர் வழக்கில் புரிந்துகொள்ளலாம்.

எல்லாம் கைகூடிவிடவில்லை. 1905-இல் திறந்த கடையை முடக்க வெள்ளை வணிகர்கள் ஒன்றுகூடினார்கள். மொத்த வியாபாரிகள் சரக்கு கொடுக்கக் கூடாது என்று நெருக்கினார்கள். சொந்த மக்களும் பழக்கம் விடாமல் வெள்ளையர் கடைக்கே போனார்கள். மேகி மேடைதோறும் கெஞ்சினார், கோபப்பட்டார். சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. முதலாளிகள் செய்த சதியைவிட இது நமக்கு அதிகம் வலிக்கிறது.

1904-இல் ரிச்மண்ட் டிராம் வண்டிகளில் நிறவாரியாக இருக்கை பிரித்தபோது, மேகியின் பத்திரிகையும் சேர்ந்து புறக்கணிப்புக்கு அழைத்தது. மக்கள் மாதக்கணக்கில் நடந்தே போனார்கள். அந்த ஆண்டே டிராம் நிறுவனம் நொடித்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. 1906-இல் மாநில அரசு இருக்கைப் பிரிவினையைக் கட்டாயச் சட்டமாக்கிவிட்டது.

வங்கிக்கு உண்மையான சோதனை 1910-இல் வந்தது. அதே ரிச்மண்டில் இன்னொரு கறுப்பினச் சங்கம் நடத்திவந்த ட்ரூ ரிஃபார்மர்ஸ் வங்கி விழுந்தது. சங்கத்தின் செலவும் வங்கியின் பணமும் ஒரே பையில் கலந்து கிடந்ததுதான் அதன் பெரிய கோளாறு. சங்கங்களையும் வங்கிகளையும் பிரிக்க மாநிலம் சட்டம் போட்டது. மேகி தன் வங்கியைச் சங்கத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கினார். கணக்குகள் ஒழுங்காக இருந்ததால் வங்கி பிழைத்தது.

சொந்த வாழ்க்கை அவரைச் சும்மா விடவில்லை. 1915-இல் மகன் ரஸல், வீட்டுக்குள் திருடன் புகுந்ததாக நினைத்துச் சுட்டதில் கணவர் இறந்துபோனார். வழக்கில் மகன் விடுவிக்கப்பட்டான். ஆனால் மேகியைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தவர்களுக்கு அது ஒரு வாய்ப்பானது. அவர் இறங்கவில்லை. 1920-களில் சங்கம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியது. நீரிழிவும் முழங்கால் வலியும் முற்றி 1928 முதல் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். வீட்டில் லிஃப்ட் வைத்து, காரையும் நாற்காலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு அலுவலகம் போனார்.

1929-இல் பெருமந்தம் தொடங்கியது. நாடு முழுவதும் வங்கிகள் சரியத் தொடங்கிய நேரத்தில், ரிச்மண்டின் மற்ற கறுப்பின வங்கிகளைத் தன் வங்கியோடு இணைத்து கன்சாலிடேட்டட் வங்கி என்ற புதிய நிறுவனமாக்கினார். தலைவர் பதவியை விட்டுக்கொடுத்து, இயக்குநர் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆயிரக்கணக்கில் வங்கிகள் மூடிய அந்த ஆண்டுகளில் இது மூடவில்லை. 1934 டிசம்பர் 15-ஆம் தேதி மேகி மறைந்தார்.

வங்கி 2005 வரை கறுப்பின மக்களின் உடைமையாக நீடித்தது. அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய நினைவிடம். 2017-இல் ரிச்மண்டின் பிராட் தெருவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.