சிதம்பரனாரும் கப்பற் கட்டணமும்

மன்னார் வளைகுடா என்றவுடன் முத்தும் சங்குமே பலருக்கு நினைவில் எழுவன. அவ்வளைகுடா வழியே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடிய இரண்டு கப்பல்களின் வரலாறு முத்தினும் அரியது. அவற்றை ஓட்டிய பெருமகனார் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள். அவர்தம் வாழ்க்கையை விடுதலைப் போரின் ஒரு பகுதியாகவே நாம் கற்பித்து வருகின்றோம். அது வணிக அறத்தைப் பற்றிய பாடமுமாகும் என்பதை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில், உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். தந்தையாரைப் போலவே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1900இல் தூத்துக்குடியிற் குடியேறினார். துறைமுகத்தைக் கண்ணெதிரே கண்டு வாழ்ந்தவருக்கு, அங்கே வந்துபோகும் கப்பல்கள் யாருடையவை என்ற வினா எழுந்தது இயல்பேயன்றோ?

அக்காலத்து இக்கடலின் நிலையை அறிந்தாலன்றி அவர் செயலின் அருமை விளங்காது. 19ஆம் நூற்றாண்டில் மலையகத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தோணிகளில் நம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலே மாண்டவர் பலர். அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி தொழிலாளர் வரவுக்கு அடைக்கப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியதோ 1914இலேதான். இடைப்பட்ட காலத்தில் தூத்துக்குடி நீராவிக் கப்பலே இலங்கைக்குப் பெருவாயில். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனியே அவ்வாயிலின் காவலன். வாயில் ஒன்றேயாகும்போது, திறவுகோலை வைத்திருப்பவன் கேட்டதே கூலி.

இந்நிலையை மாற்றவே சிதம்பரனார் 1906ஆம் ஆண்டு ஒக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பற் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. அது 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரே இக்கப்பற் சங்கத்துக்கும் தலைவர் என்பது தமிழ் கற்போர் மகிழத்தக்க செய்தி. ஹாஜி முகம்மது பக்கீர் சேட்டு என்னும் வணிகர் 2 இலட்சம் ரூபாவுக்குப் பங்குகளை வாங்கினார்.

முதலிற் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினர். பழைய கம்பனியின் நெருக்குதலால் வாடகைக்குத் தந்தவர் பின்வாங்கினர். சிதம்பரனார் தளரவில்லை, இலங்கையிலிருந்தே ஒரு கப்பலை அமர்த்தினார். வாடகைக் கப்பலை நம்புதல் பிறன் தோளில் ஏறி நடப்பதை ஒக்கும் என உணர்ந்து வடநாடு சென்று முயன்றார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் சங்கத்துக்கு உரிமையாயின.

அதன் பின் நிகழ்ந்த கட்டணப் போரே நம் சிந்தனைக்குரியது. பழைய கம்பனி ஓராளுக்குரிய கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் அரை ரூபாவாக்கியது. உடனே பழைய கம்பனி, கட்டணமே வேண்டா, ஏறுவோர்க்கு ஒரு குடையும் இனாம் என்றதாக அவ்வரலாறு கூறும். பார்ப்பவர் கண்ணுக்கு இது வள்ளன்மை. உண்மையில் அது வில்லில் தொடுத்த அம்பு. பல கடல்களிற் கப்பல் விட்ட பெருங் கம்பனி, இவ்வொரு வழியின் நட்டத்தைப் பிற வழிகளின் ஊதியத்தால் ஈடுசெய்ய வல்லது. சுதேசிச் சங்கத்துக்கோ இவ்வழியே வாழ்வு. ஒவ்வொரு பயணமும் பங்குதாரரின் முதலைக் கரைத்தது. போட்டி ஒழிந்தபின் கட்டணத்தை விதிப்பவர் யாவர்? எஞ்சி நிற்பவரே. குடை ஒரு மழைக்காலத்துக்கு உதவும். கட்டணமோ வாழ்நாள் முழுதும் செலுத்தவேண்டுவது.

குடையை வாங்கிய ஏழையை நான் குறை கூறேன். எட்டணாவும் அவனுக்குப் பெரும்பொருள். நடுவுநிலை காக்க வேண்டிய அரசே ஒரு பக்கம் சாய்ந்ததுதான் குற்றம். 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்படுத்தப்பட்டார். சூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுட்டண்டனை விதித்தார். அது மேன்முறையீட்டிற் குறைக்கப்பட்டது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தார், செக்கிழுத்தார். தலைவனை இழந்த சங்கம் 1911இற் கலைந்தது. 1912 இறுதியில் அவர் வெளிவந்தபோது வரவேற்கக் கப்பலுமில்லை, கூட்டமுமில்லை.

வழக்கறிஞர் உரிமையையும் இழந்த அப்பெருமகனார் சிறு கடை வைத்தும் பிழைத்தார். வறுமையிலும் தமிழை விட்டாரல்லர். ‘மெய்யறம்’ இயற்றினார், திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்தார். மணக்குடவர் உரையைப் பாடஞ் சொல்லுங்கால், இதனைப் பதிப்பித்தவரே கப்பலோட்டியவர் என்பேன், மாணவர் வியப்பர். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரஸ் மனையில் அவர் உயிர் பிரிந்தது.

வலியவன் எளியவனை ஒழிக்கவென்றே அடக்கவிலைக்கும் கீழே விற்பதை, இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் குற்றமாகக் கொள்கிறது. சிதம்பரனாருக்கு அப்படியொரு சட்டத்தின் துணை இருந்ததில்லை. இன்றோ விலையை விதிப்பது கணினி. கைபேசியிற் காணும் கடையின் விலை, பிற கடைகளை நோக்கியபடியே நாளும் மாறுகிறது. 2023 செப்டெம்பரில் அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் 17 மாநிலங்களும் அமேசான் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தன. தன் சந்தையில் விற்போர் வேறிடத்தில் விலை குறைத்தால் அவர்களைப் பின்தள்ளியது என்பது ஒரு குற்றச்சாட்டு. விலையை உயர்த்தினால் எந்தக் கடை பின்பற்றி உயர்த்தும் என்று கணித்து, அங்ஙனமே உயர்த்தும் பொறிமுறையைக் கையாண்டது என்பது மற்றொன்று. நிறுவனம் இவற்றை மறுக்கிறது. தீர்ப்பு எதுவாயினும், வினா சிதம்பரனார் காலத்து வினாவே: வாயில் யாருடையது?

மாணவர்களே, மலிவான விலையைக் காணும்போது எத்துணைக் குறைந்தது என்பதோடு நில்லாதீர்கள். எதற்காகக் குறைந்தது, யார் ஒழிந்தபின் உயரும் என்றும் கேளுங்கள். கப்பலோட்டிய தமிழருக்கு நாம் செய்யும் கைம்மாறு அவ்வினாவை மறவாமையே.