பெயர் எழுதப்படாத முகங்கள்: ஜூலியா மார்கரெட் கமரன்

வற்றாப்பளைப் பக்கம் 2009இற்கு முந்திய குடும்பப் படம் மிஞ்சிய வீடுகள் குறைவு. அல்பங்கள் பங்கரோடும் நந்திக்கடலோடும் போய்விட்டன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சுமக்கும் தாய்மாரைக் கண்ட நமக்கு, ஒரு முகப்படத்தின் பெறுமதியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முகங்களை மட்டுமே தேடித்தேடிப் படமெடுத்த ஒரு பெண், இந்தத் தீவில்தான் இறந்தார்.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1838இல் தன்னைவிட இருபது வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்று பாடசாலையில் படித்தோமே, அந்தக் கமரன்தான். அந்த ஆணைக்குழுவின் சிபாரிசுகளை அடுத்தே 1833இல் தீவு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. அதன் சுமை இன்னும் நம் தோளில்தான்.

1863 டிசம்பரில், 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராதான் ஜூலியாவின் முதற் கமரா. அப்போது இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்தார். கோழிக்கூடு ஸ்டூடியோ ஆனது. நிலக்கரிக் கொட்டில் இருட்டறை ஆனது. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். கைகள் கறுத்தன. படங்கள் தெளிவில்லை என்று அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் பழித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. டார்வின், கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹேர்ஷல் ஆகியோரின் முகங்களை உலகம் இன்றும் அவரது படங்களால்தான் நினைவில் வைத்திருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களையும் எடுத்தார். ஆனால் மாதாவாகவும் கதைமாந்தராகவும் வேடமிட்டு.

1875இல் கணவருடன் இலங்கை வந்தார். பிள்ளைகள் இங்கு தோட்டங்களில் இருந்தார்கள். கோப்பியை நோய் அழித்துக்கொண்டிருந்த காலம். களுத்துறையிலும் மலையகத்திலும் வாழ்ந்தபோது தோட்டத் தொழிலாளரையும் ஊர்ச் சனங்களையும் படமெடுத்தார். மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. கூலிக் கணக்கில் இலக்கமாக மட்டும் இருந்தவர்களின் முகங்கள் அதனால் நமக்குக் கிடைத்தன. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். குறையும் உண்டு. ஹேர்ஷலின் படத்தில் ஹேர்ஷல் என்று இருக்கிறது. இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்போ வெறுமனே களுத்துறைக் குடியானவர் குழு.

1879 ஜனவரி 26இல் டிக்கோயாவில் ஜூலியா இறந்தார். மறுவருடம் சார்ள்ஸும் போய்ச் சேர்ந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில், தேயிலை மலைகளுக்கு நடுவே, இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.