கம்பி துளைத்த பிறகும் வண்டி ஓட்டியவர்

முதலாம் ஆண்டு உளவியல் தேர்வில் பினியாஸ் கேஜைப் பற்றி நான் எழுதியதில் பாதிக் கதைதான் இருந்தது. மதிப்பெண் என்னவோ முழுதாகக் கிடைத்தது!

1823-இல் பிறந்த கேஜ், அமெரிக்காவில் இரயில் பாதை போடும் குழுவின் தலைவர். நம் தோட்டப்புறப் பேச்சில் கங்காணி. 1848 செப்டம்பர் 13 அன்று, வெர்மான்ட் மாநிலத்தின் கேவண்டிஷ் ஊரருகே பாறைத் துளையில் வெடிமருந்தை இடித்து இறுக்கும்போது அது வெடித்தது. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி, இடது கன்னத்தில் புகுந்து, முன்மூளையைத் துளைத்து, உச்சந்தலை வழியே வெளியேறியது. சில நிமிடங்களில் அவர் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்குள் போனார். மருத்துவர் ஜான் ஹார்லோவின் கவனிப்பில் உயிர் தப்பினார். இடது கண் பார்வைதான் போனது.

ஆனால் குணம் மாறிவிட்டது. நிதானமும் சாமர்த்தியமும் உள்ளவர் எனப் பெயரெடுத்தவர், பொறுமையற்றவராகவும் பிடிவாதக்காரராகவும் ஆனார். திட்டங்கள் போடுவார், உடனே கைவிடுவார். இவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள். நிறுவனம் பழைய பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. பல பாடநூல்கள் இங்கேயே நிறுத்திவிடும். நானும் இங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

சென்ற ஆண்டு என் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. சாப்பாட்டுத் தட்டு இடம் மாறினால்கூடக் கோபம். பழைய தாத்தா இனி இல்லை என்று அம்மா அழுதபோதுதான் மீதியைத் தேடிப் படித்தேன்.

நேற்றுப் பலன் தந்த வழி இன்று பலிக்காதபோது வேறு வழிக்கு மாற முன்மூளை தேவை. அங்கே செரோட்டோனினுக்கும் வேலை உண்டு. 2004-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மார்மோசெட் குரங்குகளின் முன்மூளையில் அதைக் குறைத்தார்கள். பரிசு வேறு படத்துக்கு மாறிய பிறகும் குரங்குகள் பழைய படத்தையே தொட்டுக்கொண்டிருந்தன. ஏற்பிகளும் ஒரே மாதிரி இல்லை. எலிகளில் 2ஏ வகையைத் தடுத்தால் இந்த மாற்றம் கடினமாகிறது. 2சி வகையைத் தடுத்தால் எளிதாகிறது. கேஜ் இழந்தது ஒரு வேதிப்பொருளை அல்ல, மூளையின் ஒரு பகுதியையே. அப்படிப்பட்டவர் அதன் பிறகு செய்ததுதான் எனக்கு வியப்பு.

1852-இல் அவர் சிலி நாட்டுக்குப் போனார். வால்பரைசோவுக்கும் சாண்டியாகோவுக்கும் இடையே, பெரும்பாலும் ஆறு குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓட்டினார். அந்நிய மொழி, மோசமான பாதை, ஒவ்வொரு குதிரைக்கும் தனிக் கடிவாளம். திருப்பத்துக்குத் திருப்பம் முடிவை மாற்ற வேண்டிய வேலை! தினமும் ஒரே ஒழுங்கில் அமைந்த அந்த வேலையே அவரை மீட்டிருக்கலாம் எனச் சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1859-இல் உடல்நலம் குன்றி, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயாரிடம் சேர்ந்தார். மறு ஆண்டு மே மாதம் வலிப்பு நோயால் 36 வயதில் இறந்தார். அவரது மண்டையோடும், வாழ்நாளெல்லாம் கூடவே வைத்திருந்த அந்தக் கம்பியும் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தாத்தாவுக்கு நாங்கள் இப்போது நேரம் குறித்து வேலை கொடுக்கிறோம். காலையில் செடிகளுக்குத் தண்ணீர், மாலையில் பாட்டிக்கு நாளிதழ் வாசிப்பது. போன வாரம் தட்டை அவரே வேறு நாற்காலிக்கு மாற்றிக்கொண்டார்.