மீசை வைத்த அம்மா

குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்னும் ஊரில், 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கிஜுபாய் பதேக்கா பிறந்தார். கிரிஜாசங்கர் என்பது அவரது இயற்பெயர். பாவ்நகரில் வளர்ந்த அவர், 1907ஆம் ஆண்டு பிழைப்பு நாடிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் தாயகம் திரும்பினார். பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1913ஆம் ஆண்டு அவருக்கு மகன் பிறந்தான். அவனை எவ்வாறு வளர்ப்பது, எத்தகைய பள்ளிக்கு அனுப்புவது என்னும் கவலை தந்தையைப் பற்றிக்கொண்டது. அக்காலப் பள்ளிகள் பலவற்றில் பிரம்பே ஆட்சி செய்தது. ஆசிரியர் சொன்னதை மாணவர் மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். மாணவர் சொல்வதை ஆசிரியர் செவிமடுப்பது அரிதாக இருந்தது.

அந்நாளில் இத்தாலிய நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருத்துகளைக் கிஜுபாய் படித்தார். குழந்தை தன் கைகளால் தொட்டும் செய்தும் தானே கற்றுக்கொள்ளும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1916ஆம் ஆண்டு, வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு, பாவ்நகரில் நானாபாய் பட் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920ஆம் ஆண்டு அங்கே பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியில் கதை, பாட்டு, நாடகம், விளையாட்டு ஆகியவற்றின் வழியே குழந்தைகள் கற்றனர். பிரம்புக்கு அங்கு இடமில்லை.

தம் அனுபவங்களை அடிப்படையாகக் கொண்டு கிஜுபாய் ஒரு கற்பனைக் கதை எழுதினார். குஜராத்தி மொழியில் அதன் பெயர் திவாஸ்வப்ன. தமிழில் பகல் கனவு என்னும் பெயரில் அது வெளிவந்துள்ளது.

அக்கதையில் வரும் ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் வேண்டி நான்காம் வகுப்பை ஓராண்டுக்குப் பெறுகிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு ஒன்றை நடத்த முயல்கிறார். மாணவரோ அமைதி காப்பதற்கு மாறாகக் கூச்சலிடுகின்றனர். அவர் வீட்டில் எண்ணி வைத்த திட்டம் வகுப்பறையில் சிதறிப்போகிறது. ஆனாலும் அவர் பிரம்பைத் தேடவில்லை. அந்தப் பிள்ளைகளை அறியாமலே திட்டமிட்டுவிட்டதை உணர்கிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். முதல் நாள் கட்டளைக்கு அடங்காத வகுப்பு, இப்போது தானாகவே அமைதி அடைகிறது.

பிறகு அவர் மாணவரை விளையாட அழைத்துச் செல்கிறார். அங்கும் தொடக்கத்தில் சச்சரவு மூள்கிறது. ஏனைய ஆசிரியர்கள் ஐயுறுகின்றனர். பாடங்கள் எப்போது முடியும் என வினவுகின்றனர். தேர்வு நெருங்க நெருங்க அவர் தோள்மீது பொறுப்பின் சுமை கூடுகிறது. எனினும் அவர் தம் வழியைக் கைவிடவில்லை. ஆண்டின் முடிவில் மாணவரின் முன்னேற்றத்தைக் கண்டு அதிகாரியும் மனநிறைவு கொள்கிறார்.

விளையாட்டு ஏன் இவ்வளவு முதன்மை பெற்றது? வகுப்பறையில் அச்சத்தால் வாய் மூடியிருக்கும் பிள்ளை, விளையாட்டில் மனம் திறந்து பேசும். பிறரை முந்தித் தள்ளுபவர் யார், தோல்விக்கு அஞ்சுபவர் யார், அழைப்பார் இன்றி ஓரமாய் நிற்பவர் யார் என்பன அங்கே புலப்படும். உடன் விளையாடும் ஆசிரியரும் விதிக்குக் கட்டுப்பட வேண்டும்; தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருப்பவர் கேட்கக் கற்கிறார். கேட்கத் தெரிந்தவரின் சொல்லைப் பிள்ளைகள் விரும்பி ஏற்கின்றனர். அச்சுறுத்திப் பெறும் பணிவு ஆசிரியர் வெளியேறியதும் கலைந்துவிடும். அன்பினால் விளையும் ஒழுங்கோ அவர் இல்லாத வேளையிலும் நிலைக்கும்.

கிஜுபாய் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். தாயைப் போல் குழந்தைகளிடம் பரிவு காட்டிய அவரை மக்கள் மீசை வைத்த அம்மா என்று அன்புடன் அழைத்தனர். 1939ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் அவர் மறைந்தார். நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடிய அவர், தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் பேச வாய்ப்பற்ற குழந்தைகளுக்காகவே வாதாடினார் எனலாம்.

சிந்தித்து விடை எழுதுக

1. கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைக் கைவிடக் காரணம் யாது?
2. முதல் நாள் அடங்காத வகுப்பு மறுநாள் அமைதி அடைந்தது ஏன்?
3. உங்கள் விளையாட்டு அணியில் ஓரமாய் நிற்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள, அணித் தலைவராகிய நீங்கள் என்ன செய்வீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.