மூச்சுக்கு அளவுகோல் செய்த ஜோன் ஹட்சின்சன்

1842ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ஃபிரீமன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் இங்கிலாந்துக்கு வந்தார். ஏறக்குறைய ஏழு அடி உயரமான அந்த மனிதரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஜோன் ஹட்சின்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் மட்டும் அவரது மூச்சில் கண்ணாக இருந்தார். தான் செய்த கருவிக்குள் அவரை ஊத வைத்தார். வெளியே வந்த காற்று 434 கன அங்குலம். இன்றைய கணக்கில் 7 லீற்றருக்குச் சற்று அதிகம்.

இரண்டு ஆண்டுகளின் பின் ஃபிரீமன் தளர்ந்துபோன உடம்போடு மறுபடி வந்தார். நெஞ்சில் காது வைத்துக் கேட்ட வைத்தியர்களுக்கு எதுவும் தெளிவாகப் பிடிபடவில்லை. கருவியிலோ அளவு நன்றாக இறங்கியிருந்தது. 1845இல் அவர் காசநோயால் இறந்துபோனார்.

நுரையீரல் தொழிற்பாட்டுச் சோதனை அறையில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். ஹட்சின்சனின் பெயர் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் வரும், அவ்வளவுதான். அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது, அந்த ஒரு வரி அவருக்குப் போதாது என்று பட்டது.

அவர் 1811இல் வட இங்கிலாந்தில், நியூகாசிலுக்கு அருகே நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ரைட்டன் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் வைத்தியம் படித்தார். வயலின் வாசிப்பார், சிற்பமும் செய்வார். பிற்காலத்தில் புறொம்ப்டன் காசநோய் வைத்தியசாலையில் உதவி வைத்தியராக இருந்தார். ஆயுள் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கும் வேலை செய்தார். இதைக் கவனிக்க வேண்டும். காசநோய் இளவயதினரை அள்ளிக்கொண்டு போன காலம் அது. வெளியே திடமாகத் தெரிகிற ஒருவரின் நெஞ்சுக்குள் நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிவது காப்புறுதிக்காரருக்குப் பணக் கணக்கு, வைத்தியருக்கு உயிர்க் கணக்கு. ஹட்சின்சன் இரண்டு பக்கமும் நின்றார்.

கருவி எளிமையானது. தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த உலோக மணி, அதைச் சமன் செய்யும் எடைகள், ஊதுவதற்கு ஒரு குழாய். ஊதினால் மணி உயரும், உயர்ந்த அளவை அளவுகோலில் வாசிக்கலாம். அதற்கு ஸ்பைரோமீற்றர் என்று பெயர் வைத்தார். நிறைய மூச்சை இழுத்து, முடிந்தவரை வெளியே விடும் காற்றின் அளவை உயிர்க்கொள்ளளவு என்றார்.

எனக்கு அவரில் பிடித்தது கருவியை விட அவரது பொறுமைதான். 1846இல் வெளியான கட்டுரையில் 2130 பேரின் அளவுகள் இருந்தன. மாலுமிகள், தீயணைப்பவர்கள், தேம்ஸ் நதிப் பொலிசார், அச்சுத் தொழிலாளர், காவற்படையினர், மல்லர்கள், ஏழை விடுதிகளில் இருந்தவர்கள், கனவான்கள் எல்லோரும் ஊதினார்கள். ஐந்து அடிக்கும் ஆறு அடிக்கும் இடையில், உயரம் ஓர் அங்குலம் கூடக் கூட, மூச்சு எட்டு கன அங்குலம் கூடுகிறது என்று கண்டார். வயது போகப் போக அது குறைகிறது. ஆக, ஒருவரின் மூச்சு குறைவா என்று சொல்ல, முதலில் அவரது உயரமும் வயதும் தெரிய வேண்டும். இந்தச் சிந்தனை இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

பிறகு 1852இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். விக்டோரியாவில் தங்கம் தோண்டப்பட்ட நேரம் அது. 1861இல் பிஜி தீவுக்குப் போய், அந்த ஆண்டிலேயே ஐம்பது வயதளவில் அங்கே இறந்தார். கொலை என்றும் நோய் என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள்.

அவர் அளந்தது எவ்வளவு காற்று என்பதை. எவ்வளவு வேகமாக என்பதை அல்ல. காசநோய் தின்ற நுரையீரலில் அளவே குறைந்துவிடும். ஆனால் தொய்விலும், புகைப்பவர்களுக்கு வரும் நாட்பட்ட சுவாசக்குழாய் நோயிலும் பிரச்சினை குழாய்களில். ஒடுங்கிய குழாய் வழியாகக் காற்று மெதுவாகத்தான் வரும். நேரம் கொடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். அப்படிப்பட்ட ஒருவர் ஹட்சின்சனின் மணியை ஆற அமர ஊதியிருந்தால், அளவு ஓரளவு சரியாகவே தெரிந்திருக்கும். இதற்கு ஒரு கடிகாரம் தேவைப்பட்டது. அதைச் சேர்க்க நூறு வருடங்கள் பிடித்தன. 1947இல் பிரான்ஸில் ரொபேர் திஃப்னோவும் அந்த்ரே பினெல்லியும் முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்றை அளக்கலாம் என்று காட்டினார்கள்.

இன்றைய சோதனை இந்த இரண்டு எண்களின் விகிதம்தான். குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்க வைத்து, சற்றுப் பொறுத்து ஊதச் சொல்வோம். மருந்துக்குப் பிறகும் முதல் வினாடியில் வந்த காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவென்றால், நாட்பட்ட அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும் ஊதுங்கோ என்று நாங்கள் கத்துவதைக் கேட்டு வயதானவர்கள் சிலர் கோபிப்பார்கள். மூச்சு முடியும் வரை ஊதாவிட்டால் மொத்த அளவு குறைவாகப் பதிவாகும், விகிதம் பொய்யாக நல்லதாகத் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கத்தல். சுருட்டுப் பிடித்த ஐயாமாரோடு, வாழ்நாள் முழுக்க விறகடுப்பின் முன் இருந்த அம்மாமாரும் வருவார்கள். புகைத்ததே இல்லை, எனக்கு எப்படி இந்த வருத்தம் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அடுப்புப் புகையும் புகைதான்.

ஹட்சின்சனின் கருவி கெட்ட கைகளுக்கும் போனது. அவர் உயிரோடிருந்தபோதே, 1851இல், அமெரிக்கத் தெற்கின் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், கறுப்பின அடிமைகளின் நுரையீரல் வெள்ளையரை விட சுமார் 20 சதவீதம் குறைவு என்று எழுதி, அடிமைமுறைக்கு அதை நியாயமாக்கினார். அந்த எண்ணத்தின் நிழல் கருவிகளுக்குள் நெடுங்காலம் இருந்தது. ஆசியர் என்று பதிந்தால் சில கருவிகள் எதிர்பார்க்கும் அளவைத் தாமாகவே சில சதவீதம் குறைத்துவிடும். அப்போது உண்மையில் குறைந்த மூச்சும் வழமையானதாகத் தெரியலாம். ஆனால் வறுமை, ஊட்டக்குறைவு, புகை எல்லாம் சிறு வயதிலேயே நுரையீரலைச் சுருக்கும் என்பதை அந்தக் கழிப்பு கேட்பதில்லை. அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2023இல்தான் இன வேறுபாடு பார்க்காத சமன்பாடுகளைப் பரிந்துரைத்தது. பழைய கருவிகளில் கழிப்பு இன்னும் இருக்கலாம். அறிக்கை கையில் கிடைத்தால், எந்தச் சமன்பாட்டை வைத்து உங்களை அளந்தார்கள் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.