கண்டியின் பெரியம்மையும் யோசவ் வாஸ் அடிகளாரும்

மன்னார் மண்ணில் யோசவ் வாஸ் என்ற பெயரை அறியாதார் அரிது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்துவிட்டு, அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கு வருகை தந்தார். ஆலயங்களில் அடிகளார் இலங்கையின் அப்போஸ்தலராகப் போற்றப்படுகிறார். அது ஒரு சமயத்தாருக்குரிய சிறப்பு. எல்லாச் சமயத்தாரும் நினைவுகூரத்தக்க இன்னொரு பக்கமும் அவர் வாழ்வில் உண்டு. கொள்ளைநோய்க் காலமொன்றில் அவர் நோயாளரின் தாதியாக இருந்தார்.

1651இல் கோவாவிற் பிறந்து, 1676இல் குருவானவர் அவர். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின், அவர்களது ஆட்சிப் பகுதியில் கத்தோலிக்கக் குருமார் நடமாடுவது தடைசெய்யப்பட்டிருந்தது. அதனால் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் தூத்துக்குடியிற் கப்பலேறி, கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பயணத்திலேயே கடுமையான வயிற்றுளைவு அவரைப் பற்றிக்கொண்டது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட, இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்தார் என அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். நோயாளி கைவிடப்படுவது எத்தகையது என்பதை இந்நாட்டில் அவர் முதலிற் கற்றது தம் உடலிலேதான்.

சில்லாலையிலும் பின்னர் புத்தளத்திலும் பணியாற்றி, 1692இல் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தால் அங்கே சிறைவைக்கப்பட்டார். எனினும் அக்காலக் கண்டி இராச்சியம் துன்புற்றோருக்குப் புகலிடமாகவும் விளங்கியதை மறத்தலாகாது. 1626இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களை மன்னன் செனரத் ஏற்று, கிழக்கிலே குடியமர்த்தினான். ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பிய கத்தோலிக்கரும் பின்னாளில் அதே இராச்சியத்தில் தஞ்சம் புகுந்தனர். இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அடிகளார்மீது நம்பிக்கை கொண்டான்.

1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் தலைநகரை விட்டகன்றனர். நோய் கண்டவர்களைச் சொந்த உறவினரே காட்டோரங்களிற் கொண்டுபோய் விட்டுவந்தனர். கொள்ளைநோய் தோன்றிய ஊரை விட்டு வெளியேறவும் வேண்டாம், அவ்வூருக்குட் செல்லவும் வேண்டாம் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நம் முஸ்லிம் வாசகர்களுக்கு, அந்த ஓட்டத்தின் விபரீதம் எளிதில் விளங்கும். ஓடியவர்கள் நோயையும் உடன் கொண்டு சென்றிருப்பார்கள்.

அடிகளார் ஊரைவிட்டு அகலவில்லை. மருமகனான யோசவ் கர்வாலோ குருவும் அவருடன் நின்றார். கைவிடப்பட்டவர்களைத் தேடிச் சென்று, தங்க இடம் ஒழுங்குசெய்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, அழுக்கை அகற்றினர். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. இறந்தோரைத் தாமே சுமந்து சென்று புதைத்தனர்.

இதனால் என்ன பயன் விளைந்திருக்கும் என்று கேட்கலாம். அம்மைக்கு அன்று மருந்தில்லை. ஜென்னரின் தடுப்பு முறை 1796இல்தான் பிறந்தது. இலங்கைக்கு அது 1802இல் வந்தது. ஆனால் பெரியம்மை கண்ட எல்லோரும் இறப்பதில்லை. பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரே இறப்பர். காய்ச்சலில் வாடிக் கிடப்பவனுக்கு நீரும் கஞ்சியும் கொடுக்க ஆளில்லாவிடில், பிழைக்க வேண்டியவனும் தாகத்தாலும் பசியாலும் மடிவான். காட்டோரத்தில் மாண்டவர்களுள் எத்தனை பேரை நோய் கொன்றது, எத்தனை பேரைத் தனிமை கொன்றது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? மருந்தற்ற நோய்க்குப் பணிவிடையே மருத்துவம். 2020இல் கொரோனாத் தடுப்பூசி வருமுன், மூச்சுத் திணறியோரின் அருகில் நின்ற நம் தாதியர் செய்ததும் பெரும்பகுதி இதுவே.

புதைத்தலும் அப்பணிவிடையின் ஒரு பகுதியே. நம் காலத்தில் அது மறுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தை அனுமதித்திருந்தும், 2020இல் இலங்கை அரசு கொரோனாவால் இறந்தோரை எரித்தல் கட்டாயமென்றது. ஜனாஸாவைக் குளிப்பாட்டித் தொழுது அடக்கும் கடமை முஸ்லிம்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் தடை நீங்கியபின், மன்னாருக்கு வடக்கேயுள்ள இரணைதீவு அடக்கத்துக்கென முதலில் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன. 2024இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட உடல்களுக்கு அது என்ன ஈடு?

கண்டி அரசன் அடிகளாரின் தொண்டை மதித்துத் தன் இராச்சியத்தில் தடையின்றிப் பணியாற்ற இடமளித்தான். அதன்பின் அவர் தீவின் பல பாகங்களுக்கும் சென்று தொண்டாற்றினார். ஓய்வறியாத உழைப்பால் உடல் தளர்ந்து, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். பிறரைச் சுமந்து சென்று புதைத்த அவரது கல்லறை இருந்த இடம் இன்று யாருக்கும் தெரியாது.