குரல் தந்த ஆசான்

பண்டைக் கிரேக்க நாடகத்தில் பாடற்குழுவுக்கு ஒரு தலைவன் உண்டு. குழுவின் சார்பில் பாத்திரங்களோடு உரையாடுவதும், கதைக்கும் அவைக்கும் இடையில் நிற்பதும் அவன் பணி. சின்னசேலம் வட்டாரத்தார்க்கு இப்பணி புதிதன்று. திரௌபதி அம்மன் விழாக் கூத்தில், திரைக்குப் பின் நிற்கும் வேடத்தை வினவி அவைக்கு அறிவிக்கும் கட்டியக்காரன் அத்தலைவனுக்கு உறவினன். மேடை நாடகத்தில் இப்பொறுப்பு சூத்திரதாரருக்கு உரியதாயிற்று. அப்பொறுப்பையும் ஆசிரியப் பணியையும் ஒருங்கே ஏற்றுச் சிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரத் தேவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்புக் கற்று, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி வந்தவர், இருபத்து நான்காம் வயதில் அதைத் துறந்து நாடக மேடை ஏறினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் எனக் கடுமையான வேடங்களே அவருக்கு வாய்த்தன. சனீசுவரன் கோலத்தில் அவரைக் கண்ட சூல்கொண்ட பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்பர். அத்துயரே அவரை வேடம் கலைக்கச் செய்தது என்றும் கூறுவர். புதுக்கோட்டைக் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுத் தாள நுட்பங்களைப் பயிற்றுவித்தார்.

அக்காலத்து நடிகர் பலர் மேடையில் தத்தமக்குத் தோன்றியதையே பேசினர். ஒருவரையொருவர் மடக்குவதே திறமையெனக் கருதப்பட்டது, கதை சிதைந்தது. அவர்களைத் திருத்த முயன்று சலித்த சுவாமிகள் சிறுவர்களிடம் நம்பிக்கை வைத்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பாட்டும் உரையாடலும் எழுத்தில் வரையறுக்கப்பெற்று, மனப்பாடமாகி, ஒழுங்குற்றன. பின்னாளில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கு உருவானவர்களே. சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு நாடகத்தை அவர் ஓரிரவிலேயே எழுதி முடித்தார்.

1921இல் பக்கவாதம் தாக்கியது. எல்லோருக்கும் சொல் தந்தவரின் நா எழவில்லை. ஆயினும் குழுவைப் பிரியாமல் ஊர்தோறும் உடன் சென்றார். அவர் சொல்ல வேண்டியவற்றை மாணவர்கள் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தனர். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

தலைவன் வாய் மூடிய பின்னும் குழு பாடுமாயின், அவன் கற்பித்தது நிலைத்தது எனலாம். தென்பாண்டி ஊர்களின் திருவிழா இரவுகளில் இன்றும் நிகழும் வள்ளி திருமணம் அதற்குச் சான்று.